பட்டா இருந்தால்தான் வீடு: நெல்லைச் சீமையில் அரசு வீட்டுத் திட்டங்களின் கணக்கு

ஒரே தெருவில் ஒருவருக்குப் ‘பிரதமர் வீடு’ வந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரருக்குக் ‘கலைஞர் வீடு’. இரண்டுக்கும் தொகை வேறு வேறு. தெருக் கடைசியில் ஓலைக் குடிசையில் இருப்பவருக்கு எதுவுமே வரவில்லை; மூவரிலும் ஏழை அவர்தான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கிராம சபை கூடுகிற அன்று இந்தச் சண்டை இல்லாமல் இருக்காது. ‘காசு வாங்கிக்கொண்டு பேரை மாற்றிவிட்டார்கள்’ என்பது வழக்கமான விளக்கம். சில ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் ஒற்றை ரூபாய்கூட வாங்காமல் எல்லா விதியையும் அச்சுப் பிசகாமல் பின்பற்றினாலும், அந்தக் குடிசைக்காரர் பெரும்பாலும் வெளியேதான் நிற்பார். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், திட்டம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எதற்கு மானியம்?

அரசு வீடு என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன.

1. கிராமத்தில், சொந்த மனையில் கட்டிக்கொள்ளப் பணம். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமும் கலைஞரின் கனவு இல்லமும் இந்த வகை. அரசு கட்டித் தராது. பயனாளி கட்டக் கட்ட, வங்கிக் கணக்கில் தவணை விழும்.

2. நகரத்தில், சொந்த மனையில் கட்டிக்கொள்ளப் பணம். 2015-ல் வந்த பிரதமரின் நகர்ப்புறத் திட்டத்தில் இதற்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60,000 கொடுத்தது. 2024-ல் இதன் இரண்டாம் கட்டம் தொடங்கியிருக்கிறது.

3. அடுக்குமாடிக் குடியிருப்பு. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதே, அது கட்டுவது. இதில் மனை அரசுடையது; பயனாளியும் ஒரு பங்குத் தொகை கட்ட வேண்டும்.

மனையும் கொடுத்து வீடும் கட்டிக் கொடுத்த திட்டம் ஒன்று உண்டு: சமத்துவபுரம். தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் அறிவிக்கப்பட்டு, 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடு. அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீட்டுக்கு 5 சென்ட். அங்கே யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை அரசே தீர்மானித்தது. இன்றைய பெரிய திட்டங்கள் அந்த வேலைக்கே போவதில்லை. அவரவர் மனையில் அவரவர் கட்டிக்கொள்ளலாம் என்றால், ஊர்த்தெரு ஊர்த்தெருவாகவும் காலனி காலனியாகவும் அப்படியே இருக்கும். கூரை மட்டும் மாறும்.

## பணம் எங்கிருந்து வருகிறது?

பிரதமர் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கான தொகை 1.20 லட்சம். மலைப் பகுதிக்கு 1.30 லட்சம். சமவெளிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

1. 1.20 லட்சத்தில் மத்திய அரசு 60 விழுக்காடு, அதாவது 72,000. மாநிலம் 40 விழுக்காடு, அதாவது 48,000.

2. இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை எழும்பாது என்பதால் தமிழக அரசு கூரைக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. ஆக 2.40 லட்சம்.

3. தன் வீட்டு வேலையைத் தானே செய்ததற்காக நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி. 2025-26-க்கான கூலி 336 ரூபாய் என்ற கணக்கில் 30,240.

4. கழிப்பறைக்குத் தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000.

கூட்டினால் 2.82 லட்சம். கலைஞரின் கனவு இல்லத்தில் மாநிலமே 3.10 லட்சம் தருகிறது; கூலியும் கழிப்பறைத் தொகையும் சேர மூன்றரை லட்சம். பிரதமர் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், சுமார் 269 சதுர அடி. கனவு இல்லத்துக்கு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மிச்சம் 60-க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஒரே தெருவில் இரண்டு தொகை வருவதற்கு இதுதான் காரணம். இரண்டும் வெவ்வேறு கஜானா, வெவ்வேறு பட்டியல்.

## பெயர்ப் பலகைச் சண்டை

‘பிரதமர்’ என்று பெயர் வைத்துவிட்டு 72,000 மட்டும் தருகிறார்கள் என்பது மாநிலத்தின் குறை. கூலி, கழிப்பறையில் மத்தியப் பங்கு இரண்டையும் அவர்கள் கணக்கில் சேர்த்தால்கூடச் சுமார் 1.09 லட்சம்தான், மொத்தத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே. குறை நியாயமானதே. ஆனால் மாநிலத்துக்கு உள்ளேயும் பெயர் விஷயத்தில் யாரும் துறவியாக இருந்ததில்லை.

2010-ல் கருணாநிதி அரசு கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தை அறிவித்தது. 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடாக்குவது இலக்கு. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. ஜெயலலிதா அரசு சூரிய சக்தி பசுமை வீட்டைக் கொண்டுவந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம், ஆண்டுக்கு 60,000 வீடு. 2024-ல் ஸ்டாலின் அரசு கனவு இல்லத்தை அறிவித்தபோது, 2030-க்குள் 8 லட்சம் வீடு என்றது. அதற்குப் பயனாளி தேட எடுத்த பட்டியல்களில் ஒன்று, அந்தப் பழைய 2010 கணக்கெடுப்பு. பதினான்கு வருடம் ஒரு குடும்பம் குடிசையில் இருந்து காத்திருந்தால்தான் அந்தப் பட்டியலுக்குப் பொருள். இடையில் கடன் வாங்கியாவது நாலு சுவரும் தகரமும் போட்டுக்கொண்டவர் ‘குடிசை இல்லை’ என்று கழிந்துபோனார்.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2024-25-ல் கனவு இல்லத்துக்கு ஒதுக்கியது 3,500 கோடி, வீடு ஒரு லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். சராசரியாக ஊராட்சிக்கு எட்டு வீடு. முழுச் செலவையும் கொடுப்பதென்று தொகையை இரட்டிப்பாக்கினால் எட்டு நாலாகும். எட்டுக் குடும்பத்துக்குப் பாதிப் பணம் கொடுத்தால் எட்டு வீட்டிலும் கல்வெட்டு. நாலு குடும்பத்துக்கு முழுப் பணம் கொடுத்தால் மிச்ச நாலு வீட்டிலும் கோபம். எந்தக் கட்சி ஆண்டாலும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். மானியத் தொகை எப்போதும் செலவைவிடக் குறைவாகவே இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல.

## பட்டியலில் யார்?

பிரதமர் திட்டத்தின் அடிப்படை, 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு. அதில் விடுபட்டவர்களுக்கென்று பின்னால் கூடுதல் பட்டியல் வந்தது. கழித்துக்கட்டுவதற்கு 13 அளவுகோல் வைத்திருந்தார்கள். இருசக்கர வாகனம் இருந்தால் இல்லை, ஃப்ரிட்ஜ் இருந்தால் இல்லை, தரைவழித் தொலைபேசி இருந்தால் இல்லை. நம் பக்கத்தில் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வைத்திருப்பது வசதிக்கு அடையாளம் அல்ல. பஸ் இல்லாத ஊரிலிருந்து வேலைக்குப் போக வேறு வழி கிடையாது. 2018-ல் தமிழக அரசே வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியம் கொடுத்தது. ஒரு அரசு வாங்கிக் கொடுத்த வண்டியைக் காட்டி இன்னொரு அரசு வீடு இல்லை என்று சொல்லும் நிலை. 2024-ல் இருசக்கர வாகனம், ஃப்ரிட்ஜ், தொலைபேசி மூன்றையும் நீக்கி, மாத வருமான வரம்பையும் 10,000-லிருந்து 15,000 ஆக உயர்த்தினார்கள். தாமதம்தான், ஆனாலும் உருப்படியான திருத்தம்.

## பட்டா: எல்லாம் முட்டி நிற்கும் இடம்

சரி, பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேட்பது மனைப்பட்டா. இங்கேதான் தெருக் கடைசிக் குடிசைக்காரர் நின்றுபோகிறார்.

நெல்லைச் சீமை தாமிரபரணியாலும் அதன் கால்வாய்களாலும் குளங்களாலும் பிழைக்கும் நாடு. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று கால்வாய் போகிற வழியெல்லாம் கரையில் குடிசைகள். நிலமற்ற கூலிக் குடும்பம் எங்கே போய்க் குடியிருக்கும்? வயல் பக்கத்தில், தண்ணீர் பக்கத்தில், யாரும் விரட்டாத இடத்தில். வருவாய்த் துறைக் கணக்கில் அந்த இடத்துக்குப் பெயர் புறம்போக்கு. அதிலும் தரம் உண்டு.

1. நத்தம். ஊர்க் குடியிருப்புக்கென்றே ஒதுக்கியது. இங்கே பட்டா வாங்குவது ஒப்பீட்டில் எளிது.

2. ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு. அரசுக்கு உடனடித் தேவை இல்லாத நிலம். இதற்கு வரன்முறை செய்து பட்டா கொடுக்கலாம். அரசாணை வர வேண்டும். 2025 பிப்ரவரியில் அமைச்சரவை எடுத்த முடிவில், சென்னையைச் சுற்றியும் மதுரை, நெல்லை போன்ற நகரங்களிலும் நெடுங்காலமாகத் தடைப்பட்டுக் கிடந்த சுமார் 86,000 பேருக்குப் பட்டா தர வழி திறந்தது.

3. ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. குளம், ஓடை, கால்வாய்க் கரை, சாலை ஓரம். இதற்குப் பட்டா கிடையாது. 2007-ல் வந்த ஏரி, குளங்கள் பாதுகாப்புச் சட்டமும் நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றிய நீதிமன்ற உத்தரவுகளும் கதவை இறுக மூடிவிட்டன.

மூன்றாவது வகையில் இருப்பவர் முப்பது வருடம் குடியிருந்திருக்கலாம். அதே முகவரிக்கு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். ஓட்டுக் கேட்க அந்தக் குடிசைக்குள் குனிந்து போவார்கள். வீடு மட்டும் வராது. நீர்நிலையைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். குறை என்னவென்றால், ‘இங்கே இருக்காதே’ என்று சொல்லும் துறை ஒன்று, ‘அங்கே போய் இரு’ என்று மனை காட்ட வேண்டிய துறை வேறொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஊருக்குள் மூன்று சென்ட் கொடுக்க அரசு நிலம் இல்லை என்பார்கள். விலைக்கு வாங்கிக் கொடுக்க நிதி இல்லை என்பார்கள்.

பட்டா இருந்தும் சிக்கல் வரும் ஒரு வகை கூட்டுப் பட்டா. தாத்தா பேரில் ஐந்து சென்ட், மூன்று மகன்கள், எட்டுப் பேரன்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு உட்பிரிவு செய்தால்தான் தனிப் பட்டா. தாலுகா ஆபிஸுக்கு அலைந்து அது முடிவதற்குள் அந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிடும்.

மனையே இல்லாத நிலைக்குக் கண்முன் இருக்கும் உச்சம் மாஞ்சோலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என மலைமேல் வரிசையாக இருக்கும் தேயிலைக் குடியிருப்புகள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் இருக்கின்றன. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை இறங்கச் சொன்னது. மூன்று, நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேலை போன அன்றே வீடும் போயிற்று, ஏனென்றால் நிறுவனம் கொடுத்த லயன் வீடு (வரிசை வீடு) வேலையோடு ஒட்டியது. காடோ புலிகள் காப்பகம். அங்கே மனைப்பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசு கீழே சமவெளியில் மாற்று வீடு தருவதாகச் சொல்கிறது. மலையில் தேயிலை பறித்த கைக்குக் கீழே என்ன வேலை என்பதற்கு வீட்டு வசதித் திட்டத்தில் பதில் கிடையாது.

## மிச்சப் பணம் யார் தலையில்?

பட்டாவும் இருக்கிறது, வேலை உத்தரவும் வந்துவிட்டது என்றால் அடுத்தது பொருளாதாரம். கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 360 சதுர அடிக்கு 7.2 லட்சம். மானியம் மூன்றரை. மிச்சம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குடும்பம் போட வேண்டும். சொந்த உழைப்பு, பழைய கதவு நிலை, இருக்கிற செங்கல் என்று குறைத்தாலும் லட்சக்கணக்கில்தான் நிற்கும். அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2023 வெள்ளத்தில் முழுதாக இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டச் சிறப்பு நிதி ஒதுக்கியபோது, வீட்டுக்கு 4 லட்சம் என்றுதான் கணக்கிட்டார்கள்.

விலை ஏன் இப்படி? உள்ளூர்க் காரணங்களே நிறைய. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றைக் காத்த தீர்ப்பு அது, மாற்றுக் கருத்தில்லை. அதன்பின் எல்லோரும் பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் மணலுக்கு மாறினார்கள். 2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். மாவட்டக் குவாரிகளை ஆய்வுக்காக நிறுத்தியதும் ஜல்லியும் எம்-சாண்டும் எகிறின. இங்கே உடைக்கும் கல்லுக்குக் கேரளாவும் வாடிக்கையாளர். அங்கே கொடுக்கும் விலையோடு நம் ஊர்ப் பயனாளி போட்டி போட வேண்டும். சிமென்ட்டின் கதை இன்னும் வேடிக்கை. தாழையூத்து சங்கர் நகரில் 1949 முதல் ஆலை ஓடுகிறது, ஆனால் பக்கத்து ஊர்க்காரருக்கு அதனால் விலை குறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2025 செப்டம்பர் 21 வரை சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடு, அதற்குப் பிறகு 18. கம்பிக்கும் 18. வலது கையால் கொடுத்த மானியத்தில் ஒரு பங்கை இடது கை வரியாக வாங்கிக்கொள்கிறது.

தொகை குறைவு என்பதைவிட அது வரும் விதம்தான் ஏழையை அதிகம் வாட்டுகிறது. வானம் தோண்டி, கடைக்கால் கட்டி, பேஸ்மட்டம் எழும்பிய பிறகுதான் முதல் தவணை. ஓவர்சியர் வந்து பயனாளியை முன்னால் நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அப்புறம் லிண்டல் மட்டம், அப்புறம் கூரை, கடைசியில் பூச்சு முடிந்து கழிப்பறையோடு ஒரு படம். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் கைக்காசு, பிறகு தவணை. சிமென்ட்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து வரும், அதன் விலை தொகையில் கழியும். கிடங்கில் சரக்கு இல்லாத வாரம் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார்; அவரைத் திரும்பக் கூட்டி வருவது தனிப்பாடு.

இருப்பதிலேயே கனமான நாள் கான்கிரீட் போடும் நாள். சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் வாடகை, கலவை மெஷின், ஒரே நாளில் பத்துப் பதினைந்து ஆள் கூலி, அத்தனை பேருக்கும் சாப்பாடு. பாதியில் நிறுத்த முடியாத வேலை. அதற்கு முந்தைய வாரம்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது, மகளிர் குழுவில் கடன் எடுக்கப்படுகிறது, எதுவும் கிடைக்காதவர் வட்டிக்கு வாங்குகிறார். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வராது. 90 நாள் கூலியை நம்பியிருந்தவர்கள், 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் நின்றபோது பட்ட பாடு தனி. லிண்டலோடு நின்றுபோன வீடுகளை ஊர் ஊராகப் பார்க்கலாம். பக்கத்திலேயே பழைய குடிசையில் குடும்பம் இருக்கும். அலுவலகக் கணக்கில் அதற்குப் பெயர் ‘முடிவுறாத பணி’, குற்றவாளி பயனாளி.

## பீடி சுற்றும் வீடு

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் வீடு என்பது குடியிருக்க மட்டும் அல்ல, வேலை செய்யும் இடமும் அதுதான். பெண்கள் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைக்க வேண்டும். தூள் கொஞ்சம் காற்றில் பறக்கும். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், மழை பெய்தால் ஒதுங்க ஒரு திண்ணை வேண்டும். 269 சதுர அடி வரைபடத்தில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. திண்ணைக்கு இடம் எங்கே? குழந்தை தூங்குகிற அறையிலேயே தூளும் இலையும்.

பீடித் தொழிலாளர்களுக்கென்று தனி வீட்டுத் திட்டம் இருந்தது. 1976-ல் வந்த சட்டத்தின்படி பீடிக்கு வசூலித்த செஸ் வரியில் நல நிதி உருவானது. அதிலிருந்து மருத்துவமனை, கல்வி உதவித்தொகை, வீடு. வீட்டு மானியம் 2016-ல் 1.5 லட்சமாக உயர்ந்தது; 25, 60, 15 விழுக்காடாக மூன்று தவணை. முதல் தவணை வேலை தொடங்கும் முன்னரே வரும் என்பது அதன் நல்ல அம்சம். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த செஸ் ஒழிந்தது, வீட்டுத் திட்டமும் பிரதமர் திட்டத்தோடு கரைந்தது. தொழில் சார்ந்த உரிமையாக இருந்த ஒன்று, பொதுப் பட்டியலில் வரிசை நிற்பதாக மாறிவிட்டது.

## தொகுப்பு வீட்டின் வயது

1985-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்திலும் அதையொட்டிய மாநிலத் திட்டங்களிலும் கட்டிய வீடுகளை நம் ஊரில் தொகுப்பு வீடு என்பார்கள். காலனிகளில் இன்றும் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் கம்பி துருத்திக்கொண்டு தெரியும், காரை திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். காரணம் எளிது. கம்பிக்குக் கீழே போதுமான கனத்துக்குக் கான்கிரீட் இல்லை. ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தது. துரு உப்பிக் காரையைத் தள்ளியது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புத் தண்ணீரில் கலவை குழைத்த வீடுகள் இன்னும் சீக்கிரம் போயின.

அந்தக் குடும்பம் புது வீடு கேட்டால் ‘உங்களுக்கு ஏற்கெனவே கான்கிரீட் வீடு இருக்கிறது’ என்று கணினி சொல்லும். மழை பெய்தால் வெளியே வந்து படுக்கிற வீடு, பதிவேட்டில் நிரந்தர வீடு. இந்தக் குறை ரொம்ப நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2024-ல்தான் தமிழக அரசு, 2001-க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ஒதுக்கியது. பழுதுபார்க்க முடியாதவற்றை இடித்துக் கட்டும் திட்டமும் அடுத்த ஆண்டு வந்தது. கூரையை மட்டும் பூசிவிட்டுப் போனால் உள்ளே துரு நிற்காது. எந்த வீடு பழுதுக்கு, எந்த வீடு இடிப்புக்கு என்று பிரிக்கும் பொறியாளரின் கையெழுத்தில்தான் இதன் பலன் இருக்கிறது.

அந்த வீட்டில் பிறந்து கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போன மகன் தனியாக விண்ணப்பிக்கலாம், அதற்குத் தடை இல்லை. அவனுக்குத் தனி ரேஷன் கார்டு வேண்டும், எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது, அப்பாவுக்கு அரசு கொடுத்த மனையில் தன் பங்குக்கு உட்பிரிவுப் பட்டா வேண்டும். மூன்று சென்ட்டை மூன்று மகன்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி. அதில் 360 சதுர அடி வீடு கட்டி, கழிப்பறைக் குழியும் தோண்டி, நடக்க வழியும் விட வேண்டும்.